இழப்பீட்டுக் கணக்கும் சமூகத் தத்துவமும்

வட ஆர்க்காட்டுப் பக்கம் தத்துவம் படிக்கிறேன் என்று சொன்னால், கேட்பவரின் மனம் உடனே திருவண்ணாமலைக்குப் போய்விடுகிறது. 1989 வரை அந்த ஊரும் எங்கள் மாவட்டத்தில்தான் இருந்தது என்பதால் குறை சொல்லவும் வழியில்லை. இன்னும் சற்று விவரம் தெரிந்தவர்கள், வேலூர் ஊரிசு கல்லூரியில் படித்து, பின்னர் சென்னை கிறித்துவக் கல்லூரியில் தத்துவம் பயின்ற ராதாகிருஷ்ணனை நினைவூட்டுவார்கள். ஆன்மா, மாயை, முக்தி என்பவற்றைத் தொடாமல், மனிதர்கள் சேர்ந்து வாழும் முறையையே ஆராயும் தத்துவமும் இருக்கிறது என்பதை, முதுகலையில் சமூகத் தத்துவம் என்ற தாளைப் படிக்கும்வரை நானும் அறிந்திருக்கவில்லை.

அரசியல் தத்துவம் பெரும்பாலும் அரசின் அதிகாரம் எதுவரை செல்லலாம், சட்டத்துக்கு ஏன் கீழ்ப்படிய வேண்டும் என்று கேட்கிறது. சமூகத் தத்துவம் அதற்கு முந்தைய தளத்தில், குடும்பம், உழைப்பு, சொத்து, மதிப்பு ஆகியவை இப்படி அமைந்ததற்கு என்ன காரணம், இந்த அமைப்பில் எது பழுதுபட்டிருக்கிறது என்று விசாரிக்கிறது. 1755இல் ரூசோ ஏற்றத்தாழ்வின் தோற்றத்தை ஆராய்ந்ததிலிருந்து இந்த மரபைத் தொடங்குவோர் உண்டு. 1931இல் பிராங்பர்ட் சமூக ஆய்வு நிறுவனத்தின் இயக்குநராகப் பொறுப்பேற்றபோது ஜெர்மன் தத்துவவாதி ஹோர்க்ஹைமர், தத்துவவாதி தனியே அமர்ந்து யோசித்தால் போதாது, பொருளியலாளரோடும் வரலாற்றாசிரியரோடும் உளவியலாளரோடும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்று வற்புறுத்தினார். வகுப்பில் இது ஒரு தேர்வுக் குறிப்பாகவே கடந்து போனது. அதன் பொருள் எனக்கு விளங்கியது பாலாற்று வழக்கைப் படித்தபோதுதான்.

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகளின் கழிவு பாலாற்றில் கலப்பதற்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையும், தீங்கு முழுமையாக நிரூபணமாகும்வரை காத்திராமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்ற கொள்கையும் இந்தியச் சட்டத்தின் பகுதியாகவே ஏற்கப்பட்டன. தோல் தொழிற்சாலைகள் சூழ்ந்த பகுதிகளில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றுப் போனது என்ற ஆய்வு முடிவும் அத்தீர்ப்பில் இடம்பெற்றது. சட்ட மாணவர்கள் நாடெங்கும் மனப்பாடம் செய்யும் வழக்கு இது. அதில் எங்கள் ஊர்ப்பெயர் இருப்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஆனால் தீர்ப்பு ஒரு குறிப்பிட்ட விதத்தில் தீங்கை அளக்கிறது. கிணறு கெட்டது, நிலம் உவர்ந்தது, விளைச்சல் போனது என்பவற்றுக்குத் தொகை கணக்கிட முடியும். அந்தத் தொகை பெரும்பாலும் நிலம் வைத்திருந்தவரிடம் போய்ச் சேரும். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோலை வெறுங்கையால் தூக்கி, ஒட்டியிருந்த சதையைச் சீவி எடுத்தவருக்குக் கெட்டுப்போவதற்குக் கிணறே இருந்ததில்லை. அமெரிக்கத் தத்துவவாதி ரால்ஸ் 1971இல் முன்வைத்த அறியாமைத் திரை என்ற கற்பனைச் சோதனையை இங்கே பொருத்திப் பார்க்கலாம்: நிலக்காரராகப் பிறப்போமா, ஆலை முதலாளியாகப் பிறப்போமா, தொட்டியில் இறங்குபவராகப் பிறப்போமா என்று தெரியாத நிலையில் விதிகளை வகுத்தால், வேறு வகையான இழப்பீட்டு முறையை நாம் கோரியிருப்போம். எனினும் ரால்ஸைக் கொண்டு பங்கீட்டைத் திருத்தத்தான் முடிகிறது. அந்தத் தொட்டியில் இறங்கும் வேலை குறிப்பிட்ட சில குடும்பங்களுக்கே தலைமுறை தலைமுறையாக வந்து சேர்ந்தது எப்படி என்ற விசாரணைக்கு அவர் துணை வருவதில்லை.

அதற்கு அம்பேத்கரிடம் போக வேண்டியிருந்தது. சாதி என்பது உழைப்பைப் பிரிப்பதோடு நிற்பதில்லை, உழைப்பவர்களையே படிநிலையாகப் பிரிக்கிறது என்று அவர் 1936இல் எழுதினார். தோலைத் தொடும் வேலையின் பழைய வரலாற்றுக்கு இதைவிடத் துல்லியமான விளக்கத்தை நான் படித்ததில்லை. எங்கள் பாடத்திட்டத்தில் அவர் இந்தியச் சிந்தனையாளர்கள் என்ற கடைசி அலகில் ஒதுக்கப்பட்டிருந்தார் என்பதும், அந்த அலகு அவசரமாகவே நடத்தப்பட்டது என்பதும் எனக்கு இன்றும் உறுத்தலாக இருக்கிறது.

அவருடைய விளக்கமும் இன்றைக்கு அப்படியே போதுமா என்பது வேறு விஷயம். 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுச் சேற்றுத் தொட்டிச் சுவர் இடிந்து விழுந்ததில், பக்கத்துத் தொழிற்சாலையில் உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். உள்ளூர்ச் சாதி அடுக்கில் அவர்களுக்கு எந்த இடமும் இல்லை; ஆனாலும் தொட்டியின் அருகில் படுக்கும் இடம் அவர்களுக்குத்தான் கிடைத்தது. ஆற்றின் மாசைக் குறைப்பதற்காகக் கட்டப்பட்ட அமைப்பே அவர்கள் மேல் சரிந்தது என்பதைக் கவனித்தால், சூழலைக் காப்பதற்கான செலவையும் ஆபத்தையும் யார் தலையில் வைக்கிறோம் என்ற கேள்வி எழுகிறது.

இதெல்லாம் சமூகவியல்தானே, தத்துவம் எங்கே வந்தது என்று என் பெரியப்பா கேட்டார். யார் எங்கிருந்து வந்தார்கள், எவ்வளவு கூலி பெற்றார்கள் என்பதைச் சமூகவியலாளர் எனக்குச் சொல்லிவிடுவார் என்றும், அந்த நிலையை அநீதி என்று அழைக்க எந்த அளவுகோலை நாம் பயன்படுத்துகிறோம், அந்த அளவுகோல் எங்கிருந்து வந்தது என்பதைத் தனியாக வாதிட்டு நிறுவ வேண்டியிருக்கிறது என்றும் பதில் சொன்னேன். அவர் முழுமையாக ஒப்புக்கொள்ளவில்லை. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் பாலாற்று மாசு குறித்து மீண்டும் இழப்பீட்டு உத்தரவு பிறப்பித்திருக்கிறது. நிலமில்லாத தொழிலாளிக்கு நேர்ந்த தீங்கை அத்தகைய கணக்கில் எந்தத் தலைப்பின்கீழ் எழுதலாம் என்பதையே என் ஆய்வேட்டுக்குரிய கேள்வியாக எடுத்துக்கொண்டிருக்கிறேன்.