பேரிமரத்தடியில் ஒரு காஷ்மீர்க்காரன்

செப்டம்பர் 22, 2024

"ஏம்மா, வாலாட்டி வந்துடுச்சு போல இருக்கே?" என்று அத்தை கேட்டபோது நான் அடுப்படியில் இருந்தேன். அத்தைக்குக் கண்பார்வை மங்கி மூன்று வருடமாகிறது. காது மட்டும் இன்னும் கூர்மை. பின்வாசலில் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்திலிருந்து "ட்ஸிட்... ட்ஸிட்" என்று சத்தம் வந்ததாம். கதவைத் திறந்து பார்த்தேன். நிற்கிறது. சாம்பல் வாலாட்டி.

பெயரில்தான் சாம்பல். வயிறு நல்ல எலுமிச்சை மஞ்சள். உடம்பைவிட வால் நீளமோ என்று தோன்றும். அந்த வால் ஒரு நொடிகூடச் சும்மா இருக்காது. இமயமலைப் பக்கமிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் வருகிற பறவை, கோத்தகிரியில் எங்கள் வீட்டுச் சோப்புத் தண்ணீர் ஓடுகிற வாய்க்காலைத் தேடி வந்து நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துவிடும். தொடர்ந்து நான்காவது வருடம், அதே கல். ஆய்வாளர்கள் அடையாளத்துக்கு மாட்டுகிற வளையம் காலில் இல்லாததால் அதே பறவைதான் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் வளையமிட்டுப் பார்த்த இடங்களில் வலசைப் பறவைகள் வருடாவருடம் அதே இடத்துக்குத் திரும்பி வருவது உறுதியாகியிருக்கிறது. எங்கள் வீட்டில் அது அதே வாலாட்டிதான். அத்தை வேறுவிதமாகச் சொல்ல விடமாட்டார்.

அக்டோபர் 12

விடியற்காலை ஐந்தரைக்கு வாசல் கண்ணாடியில் "டொப்" என்று ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் படியில் ஒரு பறவை, தலை சாய்ந்து, கண்ணை மூடி மூடித் திறந்துகொண்டு. பச்சை முதுகு, இறக்கையில் நீலம், கண் வழியாக ஒரு கறுப்புப் பட்டை, வாலடியில் குங்குமச் சிவப்பு. ஆறுமணிக்குருவி!

கை நடுங்கியது. காலணி வாங்கிய அட்டைப்பெட்டியில் நாலு துளை போட்டு, அடியில் பழைய துணியை விரித்து, அதை மெல்ல எடுத்து உள்ளே வைத்து மூடினேன். "கொஞ்சம் தண்ணி குடும்மா, பாவம்" என்றார் அத்தை. அடிபட்டு மயங்கிய பறவையின் வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது, மூச்சுக்குழாயில் இறங்கிவிடும் என்று சொல்லித் தடுத்தேன். அதற்குத் தேவை இருட்டும் அமைதியும்தான். பெட்டியைப் பூஜை அறையில் வைத்துக் கதவைச் சாத்தினோம். வீட்டில் யாரும் மிக்ஸி போடவில்லை, டிவி போடவில்லை.

ஏழேகாலுக்கு உள்ளிருந்து கீறுகிற சத்தம் கேட்டது. பெட்டியை வேலிச்செடிக்கு அடியில் வைத்துத் திறந்தேன். ஒரு நிமிடம் போல என்னைப் பார்த்தபடி நின்றது. அப்புறம் இரண்டு தத்து. செடிக்குள் மறைந்தது.

காலையிலும் மாலையிலும் ஆறு மணி வாக்கில் கூவுவதால் வந்த பெயர். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, இந்த மாதங்களில் தெற்கே இலங்கை வரைக்கும் போகும். பறப்பது இரவில். எரிகிற விளக்கு அதன் வழியைக் குழப்பிவிடுகிறது. எங்கள் வாசல் விளக்கு ராத்திரி முழுக்க எரிந்துகொண்டிருந்தது, அதுதான் எனக்கு வருத்தம். ஆனால் இந்த ஊரில் விளக்கை அணைத்துவிட்டுத் தூங்குவதும் சுலபமில்லை. கரடி வருகிற ஊர். கணவரிடம் பேசி, ஆள் நடமாட்டம் இருந்தால் மட்டும் எரிகிற சென்சார் விளக்கு ஒன்றை மாட்டச் சொல்லியிருக்கிறேன். கண்ணாடிக்கு வெளிப்பக்கம் இரண்டு அங்குல இடைவெளியில் வெள்ளைப் பொட்டுகள் ஒட்டப் போகிறேன். உள்பக்கம் ஒட்டினால் பிரதிபலிப்பு மறையாது.

அக்டோபர் 19

வந்துவிட்டான்!

காலை ஆறு ஐம்பதுக்கு, பேரிமரத்தின் தாழ்ந்த கிளையில். முதலில் கேட்டது குரல்தான். "சிக்... சிக்... ட்ர்ர்ர்". காபி டம்ளரைத் திண்ணையிலேயே வைத்துவிட்டு அசையாமல் நின்றேன். தொண்டையும் மார்பும் செங்கல் நிறம், அதன் இரண்டு ஓரத்திலும் மை தீட்டியது போல ஒரு கறுப்புக் கரை. அந்தக் கரைதான் அடையாளம். வாலை விசுக்கென்று தூக்கும்போது அடியில் இரண்டு பக்கமும் வெள்ளை பளிச்சிடும். ஆண் காஷ்மீர் ஈப்பிடிப்பான்.

இதன் கதையை நான் யாருக்குச் சொன்னாலும் ஒரு நிமிடம் நம்பமாட்டார்கள். கூடு கட்டுவது காஷ்மீரிலும் அதை ஒட்டிய வடமேற்கு இமயமலைக் காடுகளிலும் மட்டும். குளிர்காலத்தைக் கழிப்பது நீலகிரி போன்ற மேற்குத்தொடர்ச்சி மலைகளிலும் இலங்கையின் மலைநாட்டிலும். நடுவில் இருக்கிற இந்தியா முழுவதையும் கைப்பிடிக்குள் அடங்குகிற இந்த உடம்பு கடந்து வருகிறது. உலகத்திலேயே எண்ணிக்கை குறைந்துவரும் பறவை, அழியக்கூடிய நிலையில் உள்ளவற்றின் பட்டியலில் இருக்கிறது. அது உட்கார்ந்திருக்கும் கிளை எங்கள் மாமனார் வைத்த பேரிமரத்தினுடையது.

அத்தையைக் கைப்பிடித்துத் திண்ணைக்குக் கூட்டிவந்தேன். "எந்தப் பக்கம்?" என்றார். மரத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிவிட்டேன். மறுபடி "ட்ர்ர்ர்" கேட்டதும் சிரித்தார்.

நவம்பர் 10

நான்கு நாளாக மழை. ஊட்டியில் தென்மேற்குப் பருவம் கொட்டும், எங்களுக்கு வடகிழக்குப் பருவம்தான் முக்கியம். வெள்ளைக்கண்ணிகள் ஒரு இருபது, மழை விட்ட பத்து நிமிடத்தில் வேலி முழுக்க இறங்கி இலை இலையாகப் புழு தேடின. கூடவே இரண்டு பட்டாணிக்குருவி, ஒரு இலைக்கதிர்க்குருவி. வேறு எழுத ஒன்றுமில்லை. துணி காயவில்லை.

நவம்பர் 24

ஞாயிற்றுக்கிழமை. அவரும் நானும் லாங்வுட் சோலைக்குப் போய்வந்தோம். 116 ஹெக்டேர்தான். சுற்றிலும் தேயிலையும் வீடுகளும் நெருக்கும்போது நடுவில் ஒரு பச்சைத் தீவு மாதிரி நிற்கிறது. கீழே இருக்கிற பல ஊர்களுக்கு இந்தச் சோலைதான் குடிநீர். இந்த வருடம் ஜனவரியில் இதை ராம்சார் தலமாக, அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக அறிவித்தார்கள். அன்று ஊரே சந்தோஷப்பட்டது எனக்கு நினைவிருக்கிறது.

உள்ளே நுழைந்ததும் நீலகிரி சிரிப்பான்களின் கூச்சல். ஒன்று தொடங்கினால் கூட்டமே சேர்ந்து சிரிக்கும். 1839-இல் இதற்கு முதன்முதலில் அறிவியல் பெயர் வைத்த பறவை ஆய்வாளர் ஜெர்டானும் "சிரிக்கிற" என்று பொருள் வரும் லத்தீன் சொல்லையே வைத்தார். நம் மலையைத் தாண்டினால் இது இல்லை. ஓடை ஓரத்தில், இருட்டான இடத்தில், ஒரு நீலகிரி சோலைக்கிளியும் தெரிந்தது. பெயரில் கிளி இருந்தாலும் கிளி இல்லை, தரையோரம் தத்தித் திரியும் நீலப் பறவை. 2017-இல் ஆய்வாளர்கள் மரபணுவை வைத்துப் பிரித்து, 'ஷோலிகோலா' என்று புதுப் பேரினமே கொடுத்தார்கள். சோலை என்ற நம் சொல் அறிவியல் பெயருக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. அதை நினைக்க எனக்கு அவ்வளவு பெருமை.

எங்கள் தோட்டம் இந்தச் சோலையிலிருந்து நடந்துபோகிற தூரம். வேலி அடர்த்தியாக இருந்தால்தான் அங்கிருப்பவை இங்கே வரும். நடந்துவரும்போது இதைத்தான் பேசிக்கொண்டு வந்தோம்.

டிசம்பர் 21

கொழுந்தனார் குடும்பம் விடுமுறைக்கு வந்திருக்கிறது. வீடு கலகலப்பாக இருக்கிறது, அத்தைக்கு ரொம்ப மகிழ்ச்சி. குழந்தைகள் குருவிக்குப் போடுகிறோம் என்று வர்க்கியை நொறுக்கித் திண்ணைச் சுவரில் பரப்பிவிட்டார்கள். ஐந்து நிமிடத்தில் காக்கை, பத்து நிமிடத்தில் மைனா, அரை மணி நேரத்தில் குரங்குக் கூட்டம். பெரியவனை உட்கார வைத்துச் சொன்னேன்: ஈப்பிடிப்பானுக்கு வர்க்கி வேண்டாம் கண்ணா, அதற்கு வேண்டியது பூச்சி. மிச்சம் மீதியை வெளியில் போட்டால் ராத்திரி கரடி மோப்பம் பிடித்து வரும், அப்புறம் அதை விரட்டுகிறேன் என்று பட்டாசு வெடிப்பார்கள், பாவம் கரடி. அவன் கேட்டுக்கொண்டான். பிறகு தானே போய்ச் சுவரைக் கழுவிவிட்டு வந்தான்.

மதியம் அவனுக்குக் காஷ்மீர்க்காரனைக் காட்டினேன். பேரிமரம் இலை உதிர்த்திருக்கிறது, கீழே கணுக்கால் அளவுக்குப் பழுப்புச் சருகு. கிளையிலிருந்து சருகுமேல் குதித்து, எதையோ கவ்விக்கொண்டு திரும்பவும் கிளைக்கு. நான் எண்ணியபோது பத்து நிமிடத்தில் பதினேழு தடவை.

டிசம்பர் 22

இதை எழுதும்போதே அழுகை வருகிறது. காலையில் நான் அத்தையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருந்தேன். வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறார்களே, தோட்டம் பளிச்சென்று இருக்கட்டும் என்று வேலைக்கு வருகிற அண்ணன் பேரிமரத்தடியைச் சுத்தமாகக் கூட்டி, சருகைக் குவித்துக் கொளுத்திவிட்டார். வேலியின் அடிப்பக்கத்தையும் கத்தரித்துவிட்டார். அவர் நல்ல மனசோடு செய்தது. சொல்லிவைக்காமல் விட்டது நான்.

சாம்பலைக் கிளறிப் பார்த்தேன். ஒன்றும் மிச்சமில்லை. சருகுக்குள்தான் வண்டு, சிலந்தி, புழு, அவற்றின் முட்டை எல்லாம் குளிர்காலத்தை ஓட்டுகின்றன. கரும்பறவை கூட அலகால் இலையைப் புரட்டிப் புரட்டித்தான் தின்னும்.

மாலை வரை காத்திருந்தேன். வரவில்லை.

டிசம்பர் 27

இல்லை. விருந்தினர்கள் ஊருக்குக் கிளம்பினார்கள். பெரியவன் பேருந்து ஏறும்போது, "சித்தி... இல்ல பெரியம்மா, அது வந்துட்டா எனக்குப் போன் பண்ணுங்க" என்றான்.

ஊட்டிக்கு அருகே தலைக்குந்தா பக்கம் புல் வெள்ளையாக உறைந்துகிடக்கிறதாம். இங்கே அவ்வளவு இல்லை, ஆனாலும் காலையில் கம்பளியை விட்டு எழ மனமில்லை. இந்தக் குளிரில் பூச்சிகளின் நடமாட்டம் குறையும். அந்தச் சின்ன உடம்புக்கு ஒவ்வொரு நாளும் இரை கிடைத்தாக வேண்டும்.

டிசம்பர் 29

அவரும் நானும் தோட்ட வேலை அண்ணனும் சேர்ந்து ஒரு வேலை செய்தோம். மேல்வீட்டு அக்கா தன் தோட்டத்துச் சருகைச் சாக்கில் கட்டிக் குப்பை வண்டிக்குப் போட இருந்தார். ஆறு சாக்கு. கேட்டு வாங்கிவந்து பேரிமரத்தடியில் கொட்டிப் பரப்பினோம். அண்ணன் தானாகவே, "அம்மா, இதுல கொஞ்சம் தண்ணி தெளிச்சா பூச்சி சீக்கிரம் அண்டும்" என்று சொல்லிப் பூவாளியில் தெளித்தார். வேலி இனி தானாக வளர வேண்டியதுதான்.

ஜனவரி 5, 2025

ஏழு பத்து. அத்தைதான் முதலில். "ம்மா! ட்ர்ர்ர்!"

பதினான்கு நாளுக்குப் பிறகு, அதே கிளை, அதே செங்கல் நிற மார்பு. சோலைப் பக்கம் போய் இருந்திருக்கலாம். சருகுமேல் இறங்கி எதையோ கவ்வியது. உடனே பெரியவனுக்குப் போன் செய்தேன். அவன் பள்ளிக்கூட வீட்டுப்பாடத்தை விட்டுவிட்டுக் கத்தியது இங்கே வரைக்கும் கேட்டது.

ஜனவரி 15

மாட்டுப் பொங்கல். வருடாவருடம் பொங்கல் நாட்களில் நடக்கிற பறவைகள் கணக்கெடுப்புக்காகத் திண்ணையில் உட்கார்ந்து அரை மணி நேரம் எண்ணி, பறவைப் பதிவுகளைச் சேர்க்கிற இ-பேர்ட் இணையதளத்தில் ஏற்றினேன். குறைந்தது பதினைந்து நிமிடம் பார்த்தால் போதும், வீட்டு வாசலிலிருந்தே செய்யலாம். பதினெட்டு வகை வந்தது. செம்மீசைச் சின்னான் பன்னிரண்டு, நீலகிரி ஈப்பிடிப்பான் ஒரு ஜோடி, புள்ளிப்புறா, தையல்சிட்டு, சால்வியாப் பூவில் தேன்சிட்டு, வாலாட்டி ஒன்று. கடைசியாக, காஷ்மீர் ஈப்பிடிப்பான்: 1. அந்த "1" என்ற எண்ணை அத்தையின் விரலைப் பிடித்துத் தட்டச் சொன்னேன்.

பிப்ரவரி 18

மழை இல்லாமல் மண் வெடித்துக் கிடக்கிறது. அகலமான மண்சட்டியில் இரண்டு விரல் ஆழத்துக்குத் தண்ணீர், நடுவில் ஒரு கல். தினமும் கழுவி மாற்றுகிறேன். மேல்வீட்டுப் பூனை சட்டியின் பக்கம் பதுங்குவதால், புதரை விட்டு நாலடி தள்ளி, வெட்டவெளியில் வைத்திருக்கிறேன். நீலத்தலைப் பூங்குருவி ஒன்று குளித்துவிட்டுப் போனது. இது எங்கள் தோட்டத்தில் முதல் தடவை.

மார்ச் 9

பேரிமரம் முழுக்க வெள்ளைப் பூ. பூவுக்கு வந்த ஈக்களைக் காஷ்மீர்க்காரன் காலையிலிருந்து மாலை வரை ஓயாமல் பிடிக்கிறான். முன்பைவிடப் பருத்திருக்கிறான் என்று எனக்குத் தோன்றுகிறது. வலசை கிளம்புவதற்குமுன் பறவைகள் உடம்பில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்ளும், வழிச்சாப்பாடு அதுதான். நான் ஒரு இலையையும் கூட்ட விடவில்லை.

மார்ச் 27

மாலை ஆறேகால் வரை இருந்தான். கிளையில், சருகில், மறுபடி கிளையில்.

மார்ச் 30

மூன்று நாளாக இல்லை. இரவில் வானம் தெளிவாக இருந்தது. அக்டோபர் 19-இல் வந்தவன். நடுவில் காணாமல் போன பதினான்கு நாளையும் சேர்த்து நூற்று அறுபது நாள்.

"போய்ட்டானா?" என்றார் அத்தை. "ஆமா அத்தை, கிளம்பிட்டான் போல" என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "ஊர்ல அவங்களுக்கும் இப்பதான் குளிர் விட்டிருக்கும்" என்றார்.

சட்டித் தண்ணீரை மாற்றினேன். வேலியில் செம்மீசைச் சின்னான் கூட்டுக்கு நார் கொண்டுபோகிறது. வாசல் விளக்குக்கு மேல் துணி போட்டு, கண்ணாடிப் பொட்டுகளில் உதிர்ந்த மூன்றைத் திரும்ப ஒட்டினேன். ஆறுமணிக்குருவி வடக்கே திரும்புகிற காலம் இது.