நீலப் பலகையில் ஒரு சின்ன பைக்

லண்டனுக்கு வந்த முதல் வருஷம் சைக்கிளில்தான் வேலைக்குப் போனேன். டூட்டிங்கில் கிளம்பி பால்ஹம், கிளாப்பம் வழியாக எலிஃபன்ட் அண்ட் காசில் வரை. வழியில் பாதித் தூரத்துக்கு மேல் இடது ஓரத்தில் பஸ் லேன் இருக்கும். பஸ், டாக்ஸி, சைக்கிள் போகலாம் என்று தெரியும். மோட்டார் பைக்கும் போகலாம் என்பது, ஒரு பைக் என் முழங்கையை ஒட்டி உறுமிக்கொண்டு போனபோதுதான் தெரிந்தது. அன்று மழை வேறு. ஹேண்டில்பார் ஆடி, சக்கரம் நடைபாதைக் கல்லில் உரசிவிட்டது. விழவில்லை. ஆனால் அன்று முழுக்க வேலையில் மனம் ஒட்டவில்லை. இவர்களை யார் இதற்குள் விட்டது என்று கோபம் கோபமாக வந்தது.

பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். லண்டன் போக்குவரத்தைக் கவனிக்கும் டிரான்ஸ்போர்ட் ஃபார் லண்டன் என்ற அமைப்பு, தன் பொறுப்பிலுள்ள பெரிய சாலைகளில் 2009 ஜனவரியில் இதைச் சோதனையாகத் தொடங்கியது. 2012-இல் நிரந்தரமாக்கிவிட்டது.

இரண்டாம் வருஷம் வேலை மாறியது, தூரமும் கூடியது. சிபிடி என்கிற ஒருநாள் பயிற்சியை முடித்து, முன்னும் பின்னும் சிவப்பு 'எல்' மாட்டி, 125 சிசி ஸ்கூட்டரில் போக ஆரம்பித்தேன். ஊரில் எத்தனை வருஷம் ஓட்டியிருந்தாலும் சரி, அந்த ஒரு நாள் பயிற்சி எனக்குத் தேவையாகத்தான் இருந்தது. அப்புறம்தான் பைக்காரர்களின் பக்கமும் புரிந்தது. பஸ் லேனுக்குள் விடாவிட்டால், நகராமல் நிற்கும் கார்களுக்கும் எதிரே வரும் வண்டிகளுக்கும் நடுவிலுள்ள சந்தில்தான் நான் போக வேண்டும். ஒரு கார் திடீரென்று ஒடித்தால் ஒதுங்க இடமே கிடையாது. சாலையில் எளிதில் அடிபடக்கூடியவர்கள் என்று 2022-இல் திருத்திய நெடுஞ்சாலை விதிநூல் வரிசைப்படுத்தியிருக்கிறது. அதில் சைக்கிள்காரருக்குப் பிறகு, கார்காரருக்கு முன்னால் வருகிறார் பைக்காரர். அந்த இடம் சரியென்றே நினைக்கிறேன்.

அதனால் பஸ் லேனில் பைக்கை விடத்தான் வேண்டும் என்பேன். ஆனால் எஞ்சின் இருப்பவர் காத்திருக்க வேண்டும். சைக்கிளைக் கடக்கும்போது குறைந்தது 1.5 மீட்டர் இடம் விடச் சொல்கிறது அதே விதிநூல். குறுகலான பஸ் லேனில் அந்த இடைவெளி கிடைக்காது. பக்கத்து வரிசை காலியாக இருந்தால் அதில் இறங்கிக் கடக்கலாம், இல்லையென்றால் பின்னாலேயே போக வேண்டியதுதான். ஒரு நிமிஷம் தாமதமாகும், அவ்வளவுதான். பின்னால் ஒட்டிக்கொண்டு எஞ்சினை உறுமவிடுவதும் கூடாது. அந்தச் சத்தம் முதுகில் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எல்லாச் சாலையும் ஒன்றல்ல. பெரிய சாலையில் பெரும்பாலும் அனுமதி இருக்கும். அதிலிருந்து உள்ளூர் கவுன்சில் பொறுப்பிலுள்ள சாலைக்குத் திரும்பினால் இல்லாமல் போகலாம். நீலப் பலகையில் பஸ், சைக்கிளோடு பைக் படமும் இருக்கிறதா என்று பார்த்துத்தான் நுழைய வேண்டும். நான் பார்க்காமல் நுழைந்தேன், கேமரா பார்த்துவிட்டது. 14 நாளுக்குள் கட்டினால் பாதி அபராதம் என்று கடிதம் வந்தது. கட்டிவிட்டேன். தப்பு என்னுடையதுதான். ஆனாலும் ஒரே ஊருக்குள் தெருவுக்குத் தெரு விதி மாறுவது நியாயமே இல்லை. சைக்கிளில் போகிறவருக்கும், பின்னால் பைக் வரலாமா கூடாதா என்று தெரியாமல் போகிறது.

போன நவம்பரில் ஒரு சாயங்காலம், கிளாப்பம் பக்கம், எனக்கு முன்னால் ஒரு பெண் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். பக்கத்து வரிசையில் கார்கள் அசையாமல் நின்றன. நான் நல்ல இடைவெளி விட்டுப் பின்னால் வந்தேன். கார் வரிசையில் யாரோ இடம் விட்டு, எதிரே வந்து திரும்பக் காத்திருந்த காருக்குக் கைகாட்டியிருக்கிறார். அது பஸ் லேனைப் பார்க்காமல் குறுக்கே நுழைந்தது. அந்தப் பெண் பிரேக் பிடித்தார், நானும் பிடித்தேன். அவருடைய முன்சக்கரத்துக்கும் கார் முகப்புக்கும் நடுவே ஒரு முழம் இருக்கும். என் ஸ்கூட்டர் ஈர ரோட்டில் லேசாக வழுக்கி, அவருக்குப் பக்கத்தில் போய் நின்றது.

கார்காரர் கையெடுத்து மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். அந்தப் பெண்ணின் கை இன்னும் பிரேக்கிலேயே இறுகியிருந்தது. "நீங்கள் ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் என்மேல் ஏறியிருப்பீர்கள்" என்றார். ஆமாம் என்றேன். சிக்னல்வரை அவர் முன்னால் போனார், நான் அதே இடைவெளியில் பின்னால் போனேன்.