லட்சம் படங்களும் ஒரு மென்பொருளும்

என்னிடம் இருக்கும் படங்கள் ஒரு லட்சத்தைத் தாண்டும். கேமராவின் சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்புகள், மாறி மாறி வந்த போன்களின் ஜேபெக்குகள், ஐபோனின் ஹெயிக், வாட்ஸ்அப்பில் வந்து குவிந்தவை, பழைய பிரிண்டுகளை ஸ்கேன் செய்தவை எல்லாம் இதில் அடக்கம். இவற்றை அடுக்கி வைக்க நான் பல வருடம் பயன்படுத்திய மென்பொருளுக்கு அப்டேட் நின்றுபோய், புது இயங்குதளத்தில் அது திறக்கவே இல்லை. படங்கள் ஃபோல்டர்களில் பத்திரமாகத்தான் இருந்தன. ஆனால் ஆல்பங்கள், ஆட்களின் பெயர்கள், நட்சத்திரங்கள், படத்துக்கு அடியில் எழுதிய குறிப்புகள் எல்லாம் அதன் தரவுத்தளத்துக்குள் மாட்டிக்கொண்டன. ஒதுக்கி வைத்திருந்த பழைய கணினியைத் தூசி தட்டி எழுப்பி, முடிந்தவரை வெளியே எடுத்தேன்.

இந்த அனுபவம் பலருக்கும் உண்டு. படங்களை அடுக்கும் பிகாசாவை கூகுள் 2016-ல் நிறுத்தியது. அபெர்ச்சரை இனி வளர்க்கப்போவதில்லை என்று ஆப்பிள் 2014-ல் அறிவித்தது. அடோபியின் லைட்ரூமை ஒரே தடவை காசு கொடுத்து வாங்கி வைத்துக்கொள்ளும் முறை 6-ம் பதிப்போடு முடிந்து, சந்தா மட்டும் மிஞ்சியது. அதனால் இந்தத் தடவை தேட ஆரம்பிக்கும்போதே ‘நாளைக்கு இது போய்விட்டால் என் கையில் என்ன மிஞ்சும்?’ என்பதை முதல் கேள்வியாக வைத்துக்கொண்டேன். எடிட்டிங், வேகம், முகம் கண்டுபிடிப்பது எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

எந்த மென்பொருளையும் நிறுவுவதற்கு முன்னால் செய்யவேண்டிய வேலை ஒன்று இருந்தது. அதன் வரிசை முக்கியம். முதலில் எல்லாவற்றையும் ஒரே டிஸ்க்கில் சேர்த்து, அதை அப்படியே இன்னொரு டிஸ்க்கில் நகலெடுத்துத் தனியே கழற்றி வைத்தேன். பிறகு அச்சு அசலாக ஒன்றாக இருக்கும் கோப்புகளை ஹாஷ் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் ஒரு கைரேகை) வைத்து ஒப்பிட்டு நீக்கினேன். இதை டேக் (படத்தோடு ஒட்டும் தேடுசொல்) போடுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். ஒரு ஜேபெக்குக்குள் மென்பொருள் ஒரே ஒரு டேக் எழுதினாலும் போதும், படத்தில் ஒரு புள்ளிகூட மாறாது, ஆனால் கோப்பின் ஹாஷ் மாறிவிடும். அதற்குமேல் அந்த ஒப்பீட்டுக்கு இரண்டும் வேறு வேறு கோப்புகள். பேக்கப் மென்பொருளும் அதைப் புதுக் கோப்பாக எண்ணி மறுபடி நகலெடுக்கும்.

வாட்ஸ்அப் நகல்கள் ஹாஷில் சிக்காது. அளவு சுருங்கி, எடுத்த நேரம், கேமரா விவரம் எல்லாம் அடங்கிய எக்ஸிஃப் தகவலும் உரிக்கப்பட்டு வரும். உருவ ஒற்றுமையை வைத்துத் தேடும் மென்பொருள்தான் அவற்றைப் பிடிக்கும். டிஜிகாம் என்ற மென்பொருளில் அந்த வசதி இருக்கிறது. எவ்வளவு சதவீதம் ஒத்திருந்தால் காட்டவேண்டும் என்று நாமே சொல்லலாம். சதவீதத்தை ரொம்பக் குறைத்தால், வரிசையாக எடுத்த குழுப் படங்கள் எல்லாம் நகல்கள் என்று வந்து நிற்கும். அதனால் பட்டியலைக் கண்ணால் பார்க்காமல் நான் எதையும் அழிக்கவில்லை.

அடுத்தது தேதி. இதற்கு எக்ஸிஃப்டூலை விட்டால் வேறு கதியில்லை. கறுப்புத் திரையில் கட்டளை அடிக்க வேண்டும், அவ்வளவுதான். 2003-லிருந்து பில் ஹார்வி வளர்த்துவரும் இலவச மென்பொருள் அது. கேமராவில் நேரம் தப்பாக இருந்த ஒரு பயணத்தின் படங்கள் மொத்தத்தையும் ஒரே வரியில் சில மணி நேரம் முன்னுக்கோ பின்னுக்கோ தள்ளிவிடலாம். எக்ஸிஃபில் நேர மண்டலத்துக்கு என்று ஓர் இடம் 2016-ல்தான் வந்தது. அதற்கு முந்தைய படங்களில் இருப்பது வெறும் கடிகார நேரம். வாட்ஸ்அப் படங்களுக்குக் கோப்பின் பெயரில் தேதி இருக்கும். அது படம் வந்து சேர்ந்த நாள், எடுத்த நாள் என்று சொல்ல முடியாது. ஆனாலும் ஒன்றும் இல்லாததற்கு அது மேல். ஸ்கேன் செய்த படங்களை அப்படியே விட்டால் 1980-களின் கல்யாணப் படம் போன வருடத்துக்குக் கீழே வந்து உட்காரும். அவற்றுக்கு ஆண்டை மட்டும் குத்துமதிப்பாகப் போட்டு, ‘தோராயம்’ என்று ஒரு டேக்கும் சேர்த்தேன்.

கூகுள் போட்டோஸிலிருந்து டேக்அவுட் (மொத்தமாக இறக்க கூகுள் தரும் வசதி) வழியாக இறக்கியவற்றில் இன்னொரு விஷயம் கவனிக்க வேண்டும். அந்தச் சேவைக்குள் நாம் திருத்திய தேதியும் எழுதிய குறிப்பும் படத்துக்குள் இருக்காது. பக்கத்தில் ஒரு ஜேசன் கோப்பில் தனியாக வரும். அந்தக் கோப்புகளைக் குப்பை என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். எக்ஸிஃப்டூலை வைத்தே அதிலிருப்பதைப் படத்துக்குள் எழுதிவிடலாம்.

இதெல்லாம் முடிந்தபிறகுதான் மென்பொருள் தேர்வு. முழுத் தொகுப்பையும் எதிலும் ஏற்றவில்லை. தொல்லை தரக்கூடிய படங்களாகப் பொறுக்கி ஒரு சோதனை ஃபோல்டர் தயார் செய்தேன். ராவும் ஜேபெக்கும் ஜோடியாக இருப்பது, ஹெயிக், கூடவே குட்டி வீடியோவைச் சுமந்துவரும் லைவ் போட்டோ, பெரிய டிஃப் ஸ்கேன், தேதியே இல்லாத படம், தமிழில் பெயர் வைத்த ஃபோல்டர் என்று எல்லா வகையிலும் கொஞ்சம். ஒவ்வொரு மென்பொருளிலும் இதே ஃபோல்டரின் புது நகலைத் திறந்து, நட்சத்திரம், கலர் லேபிள், குறிப்பு, டேக், முகத்துக்குப் பெயர், ஆல்பம் ஆகிய ஆறையும் போட்டேன். பிறகு அதை மூடிவிட்டு, அதே ஃபோல்டரை இன்னொரு மென்பொருளில் திறந்து என்ன மிஞ்சுகிறது என்று பார்த்தேன்.

நட்சத்திரம், குறிப்பு, சாதாரண டேக் மூன்றும் பெரும்பாலும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தன. இவை எக்ஸ்எம்பி என்ற பொது வடிவத்தில் எழுதப்படுகின்றன. அடோபி 2001-ல் கொண்டுவந்தது, பின்னாளில் ஐஎஸ்ஓ தரமாகவும் ஆனது. ஜேபெக்காக இருந்தால் கோப்புக்குள்ளேயே எழுதலாம். ராவாக இருந்தால் பக்கத்தில் ஒரு சின்ன சைட்கார் கோப்பு உருவாகும். அதை நோட்பேடில் திறந்தாலே படிக்கலாம். நான் போட்ட தமிழ் டேக் அங்கே ஒரு வரியில் அப்படியே தெரிந்தபோதுதான் ‘சரி, இது நம் கையில் இருக்கிறது’ என்று நிம்மதியாக இருந்தது.

கலர் லேபிள் நம்பத்தக்கதாக இல்லை. உள்ளே எழுதப்படுவது நிறமில்லை, நிறத்தின் பெயர். ஒரு மென்பொருள் எழுதும் பெயரை இன்னொன்று வேறு மாதிரி வைத்திருந்தால் நிறம் தெரியாது. கிளை கிளையாகப் பிரியும் டேக்குகளை ஒவ்வொருவரும் தனித்தனிப் புலத்தில் எழுதுகிறார்கள். சிலர் மற்றவர் புலத்தையும் சேர்த்தே எழுதிவிடுகிறார்கள், சிலர் எழுதுவதில்லை. ஆல்பம்தான் ரொம்ப மோசம். லைட்ரூம் கிளாசிக்கில் கலெக்‌ஷன்களும் விர்ச்சுவல் காப்பிகளும் (ஒரே படத்தின் வேறு எடிட்டுகள்) கேட்டலாக் என்ற அதன் தரவுத்தளத்தில் மட்டுமே இருக்கும், எக்ஸ்எம்பியில் போகாது. அந்த மென்பொருளின் வடிவமைப்பே அப்படி. மற்றவற்றிலும் ஏறத்தாழ இதே கதைதான். அதனால் ஆல்பம் என்ற சங்கதியையே விட்டுவிட்டேன். ஒரு தொகுப்பு வேண்டுமென்றால் அதற்கு ஒரு டேக்.

தமிழில் டேக் போடுகிறவர்கள் ஒன்றைத் தனியாகச் சோதிக்க வேண்டும். எக்ஸ்எம்பிக்கு முந்தைய ஐபிடிசி வடிவத்தில் ஒரு கீவேர்டுக்கு, அதாவது டேக்குக்கு, 64 பைட்தான் இடம். ஆங்கிலத்துக்கு அது தாராளம். யூடிஎஃப்-8 என்ற எழுத்துக்குறி முறையில் தமிழ் எழுத்து ஒவ்வொன்றும், அதன் மேல் ஏறும் புள்ளியும் கொம்பும் காலும்கூட, தலைக்கு மூன்று பைட் பிடிக்கும். ‘பெரியப்பா வீட்டுத் திருமணம்’ என்ற டேக்குக்கு 77 பைட் வேண்டும். நான் சோதித்த ஒரு மென்பொருள் அதை ஐபிடிசியில் எழுதியபோது ‘பெரியப்பா வீட்டுத் திர’ என்பதோடு வெட்டி, கடைசியில் ஓர் உடைந்த எழுத்தையும் விட்டுவைத்தது. அடுத்த மென்பொருள் இரண்டு வடிவத்தையும் படித்து, முழு டேக் ஒன்று, அரை டேக் ஒன்று என்று இரண்டாகக் காட்டியது. ஐபிடிசியில் எழுதுவதை அணைத்துவிட்டு, எக்ஸ்எம்பி மட்டும் போதும் என்று வைத்தபிறகு தொல்லை தீர்ந்தது.

ஃபோல்டர் பெயரிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ‘கொ’, ‘கோ’ போன்றவற்றின் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. மேக்கின் பழைய கோப்பு முறை இரண்டாகப் பிரித்துத்தான் சேமிக்கும். அப்படி வந்த ஃபோல்டர், தேடலில் கிடைக்காமல் போகலாம். இதற்காகவே ஃபோல்டர் பெயர்களை ஆண்டு, மாதம் என்று வெறும் எண்களாக மாற்றிவிட்டேன். தமிழ் எல்லாம் டேக்கிலும் குறிப்பிலும்.

முகத்துக்குப் போடும் பெயர் டிஜிகாமிலும் லைட்ரூம் கிளாசிக்கிலும் எக்ஸ்எம்பிக்குள் கட்டத்தின் அளவோடு எழுதப்படுகிறது. ஒன்று எழுதியதை மற்றது படிக்க முடிந்தது. குழந்தை வளர வளர அதை ஒரே ஆளாக அடையாளம் காண்பதில் எதுவும் முழுசாகத் தேறவில்லை. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எடிட்டிங்கைப் பற்றி நேர்மையாகச் சொன்னால், அங்கே வெளியே வரும் வழி என்று ஒன்று கிடையாது. ரா எடிட்டர்கள் படத்தைத் தொடுவதில்லை. ‘வெளிச்சத்தை இவ்வளவு கூட்டு, இந்த இடத்தில் வெட்டு’ என்ற குறிப்பை மட்டும் எழுதி வைக்கின்றன. அந்தக் குறிப்பைப் படமாக்கும் கணக்கு ஒவ்வொன்றிலும் வேறு. லைட்ரூமில் செய்த க்ராப், வெளிச்சம் போன்ற சிலவற்றை டார்க்டேபிள் என்ற ரா எடிட்டர் படித்துக்கொள்ளும், ஆனால் அதே படம் வராது. கேப்சர் ஒன், டிஎக்ஸ்ஓ போட்டோலேப், ரா தெரப்பி எல்லாமே இந்த விஷயத்தில் தனித்தனித் தீவுகள். ஆகவே எடிட்டரைத் தேர்ந்தெடுக்கக் கண்ணுக்குப் பிடிப்பதையும் கைப்பழக்கத்தையும் மட்டும் பார்த்தேன். தரம் பிரித்து அடுக்கும் வேலைக்கு ஒன்று, எடிட்டிங்குக்கு ஒன்று என்று இரண்டாகப் பிரித்துக்கொண்டால் ஒன்று போனாலும் மற்றது நிற்கும் என்ற எண்ணம் அங்கேதான் உறுதியானது.

லைட்ரூம் கிளாசிக்கைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. அடுக்குவதும் எடிட் செய்வதும் ஒரே இடத்தில் இவ்வளவு சரளமாக வேறெதிலும் நடக்கவில்லை. ஒரே நிகழ்ச்சியில் நூற்றுக்கணக்கில் எடுத்து, மறுநாளே கொடுக்கவேண்டிய தொழில்முறை ஆட்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். சந்தா முடிந்தாலும் படங்களைப் பார்க்கலாம், எக்ஸ்போர்ட் செய்யலாம். டெவலப் பகுதியும் வரைபடமும்தான் மூடிக்கொள்ளும். எக்ஸ்எம்பியில் தானாக எழுதும் அமைப்பு மட்டும் ஆரம்பத்தில் அணைந்திருக்கும், கேட்டலாக் செட்டிங்கில் போய்த் தட்டிவிட வேண்டும். என் வேலை அந்த ரகமில்லை. பழையதைக் கிளறுவதுதான் அதிகம், எடிட் செய்வது கொஞ்சம். அதற்கு மாதாமாதம் பணம் கட்ட மனசு வரவில்லை.

கடைசியில் அடுக்குவதற்கு டிஜிகாம், ரா எடிட்டிங்குக்கு டார்க்டேபிள். இரண்டும் இலவசம், திறந்த மூலம். டிஜிகாமின் முகம் பழைய பாணி. மெனுக்களுக்குள் மெனுவாகப் போகும். டார்க்டேபிள் முதல் சில வாரம் கையை ஒடித்துவிடும். ஒரே காரியத்தைச் செய்ய நாலைந்து மாட்யூல் இருக்கும், எதைத் தொடுவது என்று தெரியாது. கன்டிராஸ்ட் மாதிரி எதிர்பார்த்த இடத்தில் எதிர்பார்த்த பொத்தான் இருக்காது. எக்ஸ்போஷர், வெள்ளைச் சமநிலை, ஒளி வரம்பைத் திரைக்கு ஏற்றபடி சுருக்கும் ஃபில்மிக், க்ராப் என்று ஒரு சிறு கூட்டத்தை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதைக் கண்டுகொள்ளாமல் இருந்தபிறகுதான் பழகியது.

இரண்டையும் சேர்த்து ஓட்டுகிறவர்கள் சைட்கார் பெயரைக் கவனியுங்கள். ராவின் முழுப்பெயரோடு எக்ஸ்டென்ஷனையும் வைத்துக்கொண்டு, அதற்குப் பின்னால் எக்ஸ்எம்பி என்று சேர்ப்பது டார்க்டேபிள். டிஜிகாமின் வழக்கமும் அதுவே. லைட்ரூமோ எக்ஸ்டென்ஷனை எடுத்துவிட்டுப் பெயர் வைக்கும். ஆக, டிஜிகாமும் டார்க்டேபிளும் ஒரே கோப்பில் எழுதுகின்றன. டார்க்டேபிள் தன் தரவுத்தளத்தையே நம்பும். வெளியே மாறிய எக்ஸ்எம்பியைத் திறக்கும்போதே தேடிப் பார்க்கச் சொல்லி ஓர் அமைப்பு இருக்கிறது, அதைப் போட்டுவைத்தேன். அதோடு, டேக் போட்டு முடித்த ஃபோல்டரை மட்டும்தான் டார்க்டேபிளுக்குள் கொண்டுபோகிறேன். ஒரே நேரத்தில் இரண்டையும் திறந்து வைப்பதில்லை.

தரவுத்தளம் எஸ்எஸ்டியில், படங்கள் பெரிய டிஸ்க்கில். தரவுத்தளத்தைத் தூக்கி நெட்வொர்க் டிஸ்க்கில் வைக்கக்கூடாது. டிஜிகாமின் சாதாரண எஸ்க்யூலைட் தரவுத்தளத்துக்கு அது ஒத்துவராது, லைட்ரூம் கேட்டலாக்குக்கும் அப்படியே.

பழைய மென்பொருளில் செய்திருந்த எடிட்கள்தான் பாக்கி. அவற்றை மாற்றிக்கொண்டுவர வழியில்லை என்று தெரிந்ததால், நாலு நட்சத்திரத்துக்கு மேல் வாங்கியவற்றை மட்டும் அந்தப் பழைய கணினியிலேயே முழு அளவில் 16-பிட் டிஃப்பாக எக்ஸ்போர்ட் செய்து, ராவுக்குப் பக்கத்திலேயே வைக்கிறேன். மற்றவை ராவாகவே இருக்கட்டும், வேண்டும்போது புதிதாகச் செய்துகொள்ளலாம். டிஃப்கள் இடத்தை விழுங்குகின்றன, ஒரு டிஸ்க் இதற்கே போய்விட்டது. அந்தக் கணினி இரவில் எக்ஸ்போர்ட் ஓடிக்கொண்டிருக்கும், காலையில் டிஸ்க்கைக் கழற்றி இங்கே மாட்டி டிஜிகாமில் ஏற்றுகிறேன். 2012 வரை வந்திருக்கிறது.