ராத்திரி ஒன்றரை மணிக்கு வந்த ஹொய்சளா

நேற்று ராத்திரி பெங்களூர் அல்சூரில் எங்கள் சந்து முனையில் இரண்டு பேர் கட்டிப் புரண்டார்கள். அவசர எண் 112-க்குப் போன் போட்டு, அரைகுறைக் கன்னடத்தில் இடத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் ஹொய்சளா, அதாவது போலீஸ் ரோந்து வண்டி, வந்து நின்றது. அதற்குள் சண்டைக்காரர்கள் சமாதானமாகி, தோளில் கை போட்டு டீ தேடிப் போய்விட்டார்கள், அது வேறு கதை.

வந்த ஏட்டு நன்றாகத் தமிழ் பேசினார். நாம் கூப்பிட்டால் நேராக ஸ்டேஷனில் மணி அடிக்காதாம். முதலில் கட்டுப்பாட்டு அறை எடுக்கும். எந்த ரோந்து வண்டி பக்கத்தில் நிற்கிறது என்று ஜிபிஎஸ்ஸில் பார்த்து அதை அனுப்பும். வண்டி நுழையாத சந்துகளுக்கு சீட்டா என்கிற போலீஸ் ரோந்து பைக். இவர்கள் வேலை முதலில் வந்து நிற்பது. வழக்கு, விசாரணையெல்லாம் ஸ்டேஷன்காரர்கள் பாடு. ஊர்வலம், கலவரம் என்றால் ஆயுதப்படை வரும். டிராபிக்குக்கு ஸ்டேஷனே தனி. நானோ போன வருஷம் பர்ஸ் தொலைந்ததை சிக்னலில் நின்ற டிராபிக் போலீஸிடம் போய்ப் புலம்பியவன்!

என் பெயரை எழுதிக்கொண்டு கிளம்பும்போது அவரும் கேட்டார்: "இந்த நேரத்துல டீ எங்க சார் கிடைக்கும்?"