டக் டக் என்று நின்ற பம்பும் முக்கால் டேங்க்கும்

மலேசியாவில், கூலாயில் சின்ன மாமா மகள் வீட்டுப் புதுமனை புகுவிழா. சிங்கப்பூரிலிருந்து மலேசியா போகும் கடற்பாலத்தில் கூட்டம் சேர்வதற்குள் தாண்டிவிடலாம் என்று சனிக்கிழமை விடியற்காலை ஐந்தரைக்கே கிளம்பி, ஈசூனில் எங்கள் புளோக்குக்குப் பக்கத்துப் பெட்ரோல் நிலையத்தில் வண்டியை நிறுத்தினேன். முள் கால் டேங்க்கில் இருந்தது. அங்கே வேலை செய்யும் சீன அங்கிள் பம்பின் ஊற்றுமுனையான நாசிலைச் செருகிப் பிடியை அழுத்தினார். டக். மறுபடி அழுத்தினார். டக். ஒவ்வொரு டக்குக்கும் 30 காசு, 40 காசுக்குத்தான் மீட்டர் நகர்ந்தது. பின்னால் மூன்று வண்டிகள் நின்றன. பின் சீட்டில் அம்மா, மடியில் வெற்றிலைத் தட்டு. அங்கிள் என்னைப் பார்த்து, "யுவர் கார் லா, நாட் மை பம்ப்" என்றார்.

நான் நம்பவில்லை. பக்கத்து பம்புக்கு மாற்றினேன், அதே டக். செம்பவாங் பக்கம் இன்னொரு நிலையத்துக்குப் போனேன், அங்கேயும் டக்.

வேறு நாட்டில் இருந்தால் இருக்கிற பெட்ரோலோடு கிளம்பியிருப்பேன். இங்கே அது முடியாது. சிங்கப்பூர் வண்டி மலேசியாவுக்குள் போக வேண்டுமென்றால் டேங்க் முக்காலாவது நிரம்பியிருக்க வேண்டும். 1989-இல் அரை டேங்க் என்று தொடங்கி, 1991-இல் முக்கால் ஆக்கினார்கள். உட்லண்ட்ஸ், துவாஸ் எல்லைச் சோதனைச்சாவடிகளில் அதிகாரி எட்டிப் பார்க்கும்போது முள் கீழே இருந்தால் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அபராதம் 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை போகலாம். முள்ளை ஏமாற்ற ஏதாவது செய்து மாட்டினால் அது தனிக் குற்றம்.

கடைசியில் நானே நாசிலை வாங்கி, தலைகீழாகத் திருப்பி, இரண்டு விரல் அளவு வெளியே இழுத்து, பிடியை லேசாக மட்டும் அழுத்திக்கொண்டு நின்றேன். நூல் மாதிரிதான் ஊற்றியது. முக்காலைத் தாண்ட 20 நிமிடத்துக்கு மேல் ஆனது. அதற்குள் கடற்பாலம் நிறைந்துவிட்டது. கூலாய் போய்ச் சேர்ந்தபோது பால் பொங்கி முடிந்து இரண்டாவது பந்தி நடந்துகொண்டிருந்தது. அம்மா அன்று முழுக்க என்னோடு சரியாகப் பேசவில்லை.

திரும்பி வந்ததும் முதலில் அந்த 'டக்' என்ன என்று படித்தேன். நாசிலின் நுனியில், பென்சில் முனை போகிற அளவுக்கு ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அடுத்த முறை பாருங்கள். அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் பிடிக்குள் போகிறது. பெட்ரோல் ஓடும் வேகமே அந்த ஓட்டை வழியாகக் காற்றை உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும். டேங்க் நிரம்பிப் பெட்ரோல் மேலே வந்து ஓட்டையை மூடினால் காற்று வராது. உறிஞ்சும் விசை கூடி உள்ளே இருக்கும் ஒரு சவ்வை இழுக்கும், கொக்கி விடுபடும், பிடி தளர்ந்துவிடும். மின்சாரமும் இல்லை, கணினியும் இல்லை. ஆக, நாசிலுக்கு டேங்க் நிரம்பியதா இல்லையா என்றே தெரியாது. தன் மூக்கில் பெட்ரோல் படுகிறதா என்பது மட்டும்தான் தெரியும். பாதி டேங்க்கிலேயே மூக்கு நனைகிறது என்றால், ஊற்றிய பெட்ரோல் கீழே இறங்காமல் ஊற்றும் குழாயின் கழுத்திலேயே நிற்கிறது. பெட்ரோல் உள்ளே போக, அதே அளவு காற்று வெளியே வர வேண்டும். வாய் குறுகிய பாட்டிலில் தண்ணீர் பிடித்தவர்களுக்கு இது புரியும்.

ஆக, காற்று எங்கேயோ அடைபட்டிருக்கிறது. எங்கே?

யூடியூப் முழுக்க ஒரே பதில்: கரி டப்பா, அதாவது சார்கோல் கேனிஸ்டர். டேங்க்கில் எழும் பெட்ரோல் ஆவி வெளியே போகாமல் இந்த டப்பாவுக்குள் இருக்கும் கரி பிடித்து வைத்துக்கொள்ளும். வண்டி ஓடும்போது எஞ்சின் அதை உறிஞ்சி எரித்துவிடும். கரி ஆவியைத்தான் தாங்கும், பெட்ரோலாகவே உள்ளே போனால் ஊறிப்போய்க் கெட்டுவிடும். டேங்க்கைக் கழுத்துவரை நிரப்புகிறவர்களுக்குத்தான் இது வரும் என்றார்கள்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் அப்படித்தான் நிரப்புகிறவன். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஜொகூர் போனால் சிங்கப்பூர் வண்டிக்கு ரோன் 95 ரகப் பெட்ரோல் கிடையாது, ரோன் 97தான் அடிக்கலாம். அதுவே நம் விலையோடு பார்த்தால் மலிவு. வந்ததற்கு நிரப்பிக்கொண்டு போவோம் என்று முதல் டக் வந்த பிறகும் நாலைந்து முறை அழுத்துவேன். வண்டியைப் பின்னாலிருந்து ஆட்டி, காற்றுக் குமிழை வெளியேற்றி, இன்னும் ஒரு லிட்டர் பிடிக்கும் ஆட்களின் வீடியோக்கள் வந்தபோது சிரித்தவன்தான் நான். ஆனால் என் மச்சானோடு போகும்போது அதையும் செய்திருக்கிறோம். இரவில்.

இன்னொரு அறிகுறியும் பொருந்தியது. நிறைய பெட்ரோல் அடித்த பிறகு வண்டி உடனே ஸ்டார்ட் ஆகாது. இரண்டு மூன்று முறை சாவியைத் திருப்பி, ஆக்சிலேட்டரை மிதித்தால்தான் இருமிக்கொண்டு கிளம்பும். எஞ்சினுக்குள் தேவைக்கு மேல் பெட்ரோல் ஆவி போனால் இப்படி ஆகும். இதை ஒரு வருடமாக பேட்டரி கோளாறு என்று நினைத்து பேட்டரியையும் மாற்றியிருந்தேன். அது தனிக் கதை.

வீட்டில் நானே செய்தது கொஞ்சம்தான். பெட்ரோல் ஊற்றும் வாயின் மூடியைத் திறக்கும்போது 'புஸ்' என்று பெரிய சத்தம் வருகிறதா என்று பார்த்தேன், வரவில்லை. டார்ச் அடித்துப் பார்த்ததில் வாயிலுள்ள சின்ன மடக்குக் கதவு ஒழுங்காக ஆடியது, துரு இல்லை. நண்பனின் ஸ்கேனரை மாட்டினால் ஒரு எரர் கோடும் இல்லை. அதற்கு மேல் எதையும் கழற்றவில்லை. பெட்ரோல் ஆவி காற்றை விடக் கனம், தரையோடு பரவும். பல மாடிக் கார் நிறுத்துமிடத்தில் குழாயைக் கழற்றி வைத்துக்கொண்டு வீரம் காட்டுகிற வயது எனக்குப் போய்விட்டது.

முதலில் போன பட்டறை வீட்டுக்குப் பக்கம். பெயர் வேண்டாம். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, பெட்ரோல் பம்ப் போய்விட்டது, டேங்க்கை இறக்க வேண்டும், 1,100 வெள்ளி என்றார்கள். டேங்க்குக்குள் இருக்கும் பம்ப் பெட்ரோலை எஞ்சினுக்கு அனுப்புவது. உள்ளே ஊற்றுவதற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. படித்துவிட்டுப் போனதால் தப்பித்தேன். யோசித்துச் சொல்கிறேன் என்று சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அப்புறம் வேலையிடத்து நண்பர் ஒருவர் காக்கி புக்கிட்டில் ஒரு அண்ணனைச் சொன்னார். ஜொகூர்க்காரர், தினமும் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி வேலைக்கு வருபவர். நான் போனதுமே, "அண்ணே, கரி டப்பா ஊறிப்போச்சு, அதை மாத்திடுங்க" என்றேன், டாக்டரிடம் மருந்துப் பெயர் சொல்லிக்கொண்டு போகிற நோயாளி மாதிரி. அவர் சிரிக்கவில்லை.

"வீடியோ பாத்தீங்களா தம்பி?"

"ஆமாண்ணே."

"அமெரிக்கா வீடியோவா?"

அவர் சொன்னது இது. அமெரிக்காவில் 1998 மாடலிலிருந்து படிப்படியாக, பெட்ரோல் ஊற்றும்போது வருகிற ஆவியையும் கரி டப்பாவே பிடிக்க வேண்டும் என்று வைத்துவிட்டார்கள். அந்த வண்டிகளில் டப்பா அடைத்தால் பம்ப் டக் டக் என்று நிற்கும். "உங்க வண்டி அப்படி இல்ல. ஊத்தறப்ப காத்து இன்னொரு சின்ன ட்யூப் வழியா வாய்க்கே திரும்பி வரும். டப்பாவும் கெட்டிருக்கலாம். ஆனா டக்குக்கு அது காரணமான்னு தெரியாது. ஊத்தறப்ப ஏதாச்சும் சத்தம் கேட்டுச்சா?"

கேட்டது. ஒவ்வொரு டக்குக்கும் பிறகு சக்கரத்துக்குப் பக்கத்தில், வயிற்றில் தண்ணீர் ஓடுகிற மாதிரி, களக் களக் என்று. டேங்க்குக்குள் பெட்ரோல் இறங்குகிற சத்தம் என்று விட்டுவிட்டேன்.

அவர் வண்டியைத் தூக்கி, இடது பின் சக்கரத்தைக் கழற்றி, உள்ளே மூடியிருந்த பிளாஸ்டிக் தட்டையும் எடுத்தார். வாயிலிருந்து டேங்க்குக்கு மணிக்கட்டு கனத்தில் ஒரு குழாய் இறங்கியது. அதை ஒட்டி விரல் கனத்தில் கறுப்பு ரப்பர் ட்யூப் ஒன்று. பெரிய குழாய் நேராகச் சரிந்து போனது. சின்னது நடுவில் தொய்ந்து, துணி காயப்போடுகிற கயிறு மாதிரி கீழே வளைந்து தொங்கியது. வளைவின் அடியில் மண் ஒட்டியிருந்தது. அண்ணன் இரண்டு விரலால் அந்த வளைவை மெதுவாகத் தூக்கினார்.

களக்.

"கேட்டுச்சா? பெட்ரோல். இங்க தேங்கி நிக்குது. காத்து எப்படி வரும்?"

சமையலறைத் தொட்டிக்கு அடியில் வளைந்த குழாயில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நின்று சாக்கடை நாற்றத்தைத் தடுக்குமே, அதே வேலையை இந்த ட்யூப் செய்துகொண்டிருந்தது. டேங்க்கிலிருந்து வரும் காற்று அந்தத் தேங்கிய பெட்ரோலைத் தள்ளிக்கொண்டு வர வேண்டும். அதற்குள் ஊற்றிய பெட்ரோல் கழுத்தில் ஏறி நாசிலின் மூக்கை நனைத்துவிடும். மெதுவாக ஊற்றினால் காற்று பெரிய குழாய் வழியாகவே குமிழ் விட்டுக்கொண்டு வந்துவிடும். அன்று காலை நான் இருபது நிமிடம் நின்றதன் ரகசியம் அதுதான்.

வண்டியின் உடம்பில், ட்யூப்பைப் பிடித்து வைக்கிற கிளிப் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஓட்டைதான் இருந்தது. "இந்தப் பக்கம் அடி வாங்கிச்சா?" என்றார். போன வருடம் ஒரு வேன் இடது பின்பக்கம் உரசியதும், இன்சூரன்ஸில் தகரம் தட்டிப் பெயிண்ட் அடித்ததும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. பிளாஸ்டிக் தட்டைக் கழற்றியவர்கள் திரும்ப மாட்டும்போது கிளிப்பை மறந்திருக்கிறார்கள். தொடக்கத்தில் எப்போதாவது ஒரு டக், வெயிலில் ரப்பர் தளரத் தளர அடிக்கடி டக். தொய்வு உண்டாக்கியது அவர்கள். அதில் பெட்ரோலை நிரப்பிக்கொண்டே இருந்தது நான். கழுத்துவரை ஊற்றும்போதெல்லாம் அது அந்த ட்யூப்புக்குள் இறங்கித் தங்கிவிடும் என்றார் அண்ணன்.

கரி டப்பாவையும் கழற்றிக் கையில் கொடுத்தார். பிளாஸ்டிக் டப்பாவுக்கு அது நியாயமான கனம் இல்லை. சாய்த்தால் ஓரத்தில் பெட்ரோல் துளிர்த்தது. எஞ்சின் பக்கம் ஆவியை விடுகிற வால்வை எடுத்து வாயால் ஊதிப் பார்த்தார். மின்சாரம் கொடுக்காதபோது காற்று போகக் கூடாது, போகவும் இல்லை. வால்வு நல்லது. ஆக, இரண்டு நோய்: ஸ்டார்ட் ஆகாததற்கு டப்பா, டக்குக்கு ட்யூப். நான் கேட்டபடி டப்பாவை மட்டும் மாற்றியிருந்தால் காசையும் கொடுத்துவிட்டு அடுத்த சனிக்கிழமையும் அதே அங்கிள் முன்னால் நின்றிருப்பேன்.

புது டப்பா 460 வெள்ளி. என் வண்டியின் சிஓஇ, அதாவது வண்டி வைத்திருக்கும் உரிமம், முடிய இன்னும் 14 மாதம்தான். "ஸ்கிராப்ல நல்லதா ஒண்ணு பாக்கறேன் தம்பி" என்றார். மூன்றாம் நாள் 90 வெள்ளிக்கு ஒன்று வந்தது, காய்ந்து, லேசாக. ட்யூப்பைப் புதிதாக வெட்டி, தொய்வே இல்லாமல் வாய்வரை ஏறுமுகமாகப் போட்டார், 35 வெள்ளி. கூலி 120. கிளிப்புக்கு எவ்வளவு என்று கேட்டேன். டிராயரைத் திறந்து காட்டினார். அந்த மாதிரி நூறு கிடந்தன.

அங்கிருந்து நேராகப் பெட்ரோல் நிலையத்துக்குப் போனேன். முள் பாதிக்குக் கீழே. பிடியை முழுதாக அழுத்தி, கொக்கியில் மாட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். 5 லிட்டர். 10. 20. ஒவ்வொரு லிட்டருக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்றால் சிரிப்பீர்கள். 28 லிட்டரில் ஒரே ஒரு டக். நாசிலை எடுத்து மாட்டினேன். சாவியைத் திருப்பினேன், முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது.

போன வாரம் மச்சானோடு ஜேபி (ஜொகூர் பாரு) போனோம். திரும்பும்போது 97 அடித்தேன். டக் என்றதும் நிறுத்தினேன். அவன் ஏற்கெனவே வண்டிக்குப் பின்னால் போய் இரண்டு கையையும் டிக்கியில் வைத்து நின்றிருந்தான்.

"இன்னும் ரெண்டு லிட்டர் புடிக்கும் மச்சான், நான் ஆட்டறேன்."

"வண்டியில ஏறுடா" என்று சொல்லிவிட்டு மூடியைத் திருகினேன்.