அடைக்கு உட்கார்ந்தது கோழி, அலைந்தது நான்

கோழியை உட்காரவைத்துக் குஞ்சு பொரிக்க, அதாவது அடைக்கு, கடையில் முட்டை வாங்கப் போனால் "நாட்டு முட்டையா?" என்று கேட்காதீர்கள். "சேவல் கூட விட்ட கோழியா, முட்டை போட்டு எத்தனை நாள் ஆச்சு?" என்று கேளுங்கள். இதைக் கேட்கத் தெரியாமல் நான் பத்து நாளையும் 225 ரூபாயையும் விட்டேன். என் கோழி பாதி உடம்பை விட்டது.

நாங்கள் இருப்பது பெங்களூர் ராமமூர்த்தி நகரில், இரண்டாவது மாடி. மேலே மொட்டைமாடியில் மூன்று பெட்டைகள். சேவலும் இருந்தது. போன வருடம் எதிர்வீட்டுக்கு இரவு ஷிஃப்ட் பையன்கள் குடிவந்தார்கள். விடிய விடிய வேலை பார்த்துவிட்டு வந்து படுப்பவர்கள் தலைமாட்டில் சேவல் கூவினால் அவர்களும்தான் என்ன செய்வார்கள், ஓனர் ஆன்ட்டியிடம் சொன்னார்கள். சேவலை ஊருக்கு அனுப்பிவிட்டோம். அதோடு எங்கள் வீட்டு முட்டை பொரியலுக்கு மட்டும்தான் என்று ஆகிவிட்டது.

மார்ச் கடைசியில் மூன்றில் ஒன்றான செவலை அடைக்கு வந்தது. வாஷிங் மெஷினுக்குப் பின்னால் பழைய துணி போட்டிருந்த பக்கெட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, கிட்டே போனால் இறகை விரித்துச் சீறியது, கையைக் கொத்தியது. துணி காயப்போட வந்த ஓனர் ஆன்ட்டி பார்த்துவிட்டு, "நிம் கோளி காவிகெ கூத்திதெ" என்றார். பெங்களூரில் பதினெட்டு வருடம் ஆகிறது, கன்னடம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனாலும் காலங்காத்தாலே கோழியையும் காவையும் சேர்த்துக் கேட்டதும் வயிற்றில் பக்கென்றது. அவர்களுக்குக் காவு என்றால் அடைச்சூடு. நமக்குத்தான் வேறு.

கோழி தயார், முட்டை இல்லை. இரண்டு பஸ் மாறி ஒரு முட்டைக் கடைக்குப் போனேன். கடைக்காரர் போனில் இருந்தார். "நாட்டு முட்டைங்களா?" "சுத்தமான நாட்டு முட்டை மேடம், உடைச்சுப் பாருங்க, கரு எப்படி இருக்குன்னு." "அடைக்கு வைக்கலாங்களா?" அதற்குப் போனில் பேசிக்கொண்டே தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலை நம்பி, ஒன்று 25 ரூபாய் என்று ஒன்பது வாங்கினேன். முட்டையில் குறை இல்லை, நாட்டு முட்டைதான். ஆனால் சாப்பிடுவதற்காக முட்டை எடுக்கும் பண்ணையில் சேவல் எதற்கு? சேவல் சேராத முட்டையின் மேல் கோழி ஒரு வருடம் உட்கார்ந்தாலும் குஞ்சு வராது. அவரும் உடைத்துப் பாருங்கள் என்றுதான் சொன்னார். ஒன்றை உடைத்திருந்தாலே தெரிந்திருக்கும். மஞ்சள் கருவின் மேல் வெள்ளையாக ஒரு புள்ளி இருக்கும். அது வளையம் போட்ட மாதிரி இருந்தால் சேவல் சேர்ந்த முட்டை, சும்மா ஒழுங்கில்லாத பொட்டாக இருந்தால் இல்லை.

அடுத்த தப்பு இடம் மாற்றியது. வாஷிங் மெஷின் பக்கம் ஈரமாக இருக்கிறதே என்று, கூடையில் மணல் கொட்டி, பழக்கடையில் மாம்பழப் பெட்டியோடு வந்த வைக்கோலைப் பரப்பி, முட்டையை அடுக்கி, பட்டப்பகலில் செவலையைத் தூக்கிவைத்தேன். ஐந்து நிமிஷம் உட்கார்ந்தது. அப்புறம் எழுந்து நேராகப் போய்க் காலி பக்கெட்டுக்குள் அடை காத்தது! முட்டை இங்கே, கோழி அங்கே. இருட்டிய பிறகு தூக்கிவைத்துக் கூடைமேல் துணியைப் போட்டதும்தான் அடங்கியது. அடைக்கோழியை எதற்காகத் தொட வேண்டியிருந்தாலும் ராத்திரியில் தொடுங்கள்.

ஏழாம் நாள் ராத்திரி என் வீட்டுக்காரர் அட்டைக்குழலில் போன் டார்ச்சை வைத்துப் பிடிக்க, நான் ஒவ்வொரு முட்டையாக அதன்மேல் வைத்துப் பார்த்தேன். முதலாவது தெளிவாக, மஞ்சளாக, பல்பு மாதிரி இருந்தது. அடுத்ததும் அப்படியே. எட்டு முட்டை எட்டு பல்பு. ஒன்பதாவதில் மட்டும் ஓரமாக ஒரு சிவப்பு வளையம். கரு பிடித்துப் பாதியில் செத்துவிட்டது என்று அதற்கு அர்த்தம். எங்கிருந்தோ ஒரு சேவல் ஒரு நாள் வேலி தாண்டியிருக்கிறது போல.

ஊருக்குப் போன் போட்டேன். அம்மா சிரித்தாள். "ஏங்கண்ணு, அடை முட்டையைப் போய் யாராவது கடையில வாங்குவாங்களா?" எங்கள் ஊர் கிருஷ்ணகிரிப் பக்கம். நாங்கள் அனுப்பிய சேவலே அங்கே ஏழெட்டுப் பெட்டையோடு ராஜா மாதிரி திரிகிறது. இது எனக்கு முதலிலேயே தோன்றவில்லை என்பதை நினைத்தால் இப்போதும் ஆத்திரமாக வருகிறது.

நடுவில் ஒருவர், கிரிராஜா குஞ்சு வாங்கி ராத்திரியில் கோழிக்கு அடியில் தள்ளிவிடுங்கள் என்றார். பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய இனம், நன்றாக வளரும். பிறந்து ஒரு நாள் ஆன குஞ்சை இருட்டில் விட்டால் அடைக்கோழி தன் குஞ்சு என்றே எடுத்துக்கொள்ளவும் செய்யும். யோசனையில் தப்பில்லை. எனக்குத்தான் ஓடு உடைவதைப் பார்க்க வேண்டும் என்ற பிடிவாதம்.

அண்ணி ஐந்து நாளில் பதிமூன்று முட்டை சேர்த்துவைத்தார். கழுவாமல், ஃபிரிட்ஜில் வைக்காமல், மண்சட்டியில் மணலுக்குள் கூர்முனை கீழே. ஞாயிற்றுக்கிழமை போய் அதைத் தூக்குவாளியில் உமிக்கு நடுவே அடுக்கி மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஓசூர் வழியாக சில்க் போர்டு வரை ஒரு குலுங்கல் இல்லை. அங்கே இறங்கி 500டி பஸ் ஏறினேன். மெட்ரோ வேலை நடக்கும் ரிங் ரோடு பற்றி நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டின் ஃபேக்டரி வருவதற்குள் நான் வாளியைக் கையில் தூக்கிப் பிடித்து, கைதான் ஸ்பிரிங் என்று உட்கார்ந்திருந்தேன். பக்கத்து சீட் பெரியவர் "சாம்பாராம்மா?" என்றார். முட்டை என்றதும் ஜன்னல் பக்கம் நகர்ந்துகொண்டார்.

இரண்டு விரிசல், பதினொன்று தேறியது. வந்த கையோடு வைக்கவில்லை. குலுங்கி வந்த முட்டையில் அகன்ற முனையில் இருக்கும் காற்றறை கலங்கியிருக்கும், ஒரு ராத்திரியாவது கூர்முனை கீழே இருக்க அசையாமல் வைக்க வேண்டும். அதுவரை செவலைக்கு அடியில் பழைய முட்டை இரண்டை விட்டிருந்தேன், அடை கலையாமல் இருக்க. மறுநாள் இருட்டியதும் மாற்றினேன். அம்மா சொன்னபடி ஓர் ஆணி, ஒரு காய்ந்த மிளகாய், ஒரு துண்டு அடுப்புக்கரி எல்லாம் கூடைக்குள் போயிற்று. இடி இடித்தால் முட்டை கெட்டுவிடுமாம். அந்த ஏப்ரலில் மூன்று சாயங்காலம் நல்ல இடி. முட்டை கெடவில்லை. ஆணியால்தான் என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஆணியை எடுக்கவும் இல்லை.

உருட்டுவது, திருப்புவது, சூடு பார்ப்பது எல்லாம் கோழியின் வேலை, அது பார்த்துக்கொண்டது. எனக்கு வந்த தலைவலி இரண்டு. நாலாம் நாள் எண்ணினால் பதினாலு முட்டை! இன்னொரு பெட்டை கருப்பி, செவலை இறங்கும் நேரம் பார்த்து அதே கூடையில் முட்டை போட்டுவிட்டுப் போயிருக்கிறது. நல்லவேளை, பதினொன்றிலும் பென்சிலால் கோடு போட்டிருந்தேன். கோடு இல்லாத மூன்றும் ஆம்லெட் ஆயின. கருப்பிக்குத் தடுப்பு வைத்தேன்.

மற்றொன்று செள்ளு, கோழி உடம்பில் ஊர்ந்து கடிக்கும் பொடிப் பூச்சி. பத்தாம் நாள் கூடையைத் தொட்டுவிட்டு வந்தால் முழங்கை வரை ஊர்கிறது. ஏற்கெனவே முதல் ஈட்டுக்கு உட்கார்ந்து இளைத்த கோழி, கொண்டை வெளிறிப்போய் இருந்தது. செள்ளு தாங்காமல் கோழி முட்டையை விட்டு எழுந்து போய்விடுவதும் உண்டு. மண்குளியலுக்குச் சாம்பல் வேண்டும், பெங்களூரில் சாம்பலுக்கு எங்கே போவது? எங்கள் தெருமுனை இஸ்திரி வண்டி கைகொடுத்தது. கரிப்பெட்டிச் சாம்பலைச் சலித்து ஒரு கவர் நிறையக் கொடுத்தார் இஸ்திரிக்கார அண்ணன். பாதியை மணலோடு கலந்து ஒரு டப்பில் வைத்தேன். செவலை இறங்கியதும் அதில் விழுந்து புரண்ட புரளல் இருக்கிறதே! கூடை வைக்கோலை மாற்றி வேப்பிலையும் பரப்பினேன். நாலு நாளில் அடங்கியது. தினமும் ஒரு முறை, கால்மணி இருபது நிமிஷம் அது இறங்கத்தான் வேண்டும். முட்டை ஆறிவிடும் என்று விரட்டாதீர்கள். இறங்காத கோழியைத் தூக்கினால் முதலில் இறக்கைக்கு அடியில் கைவிட்டுப் பாருங்கள், முட்டையை இடுக்கிக்கொண்டு இருக்கும்.

டார்ச் பார்த்ததில் இரண்டு கூமுட்டை, எடுத்துவிட்டேன். மிச்சம் ஒன்பதிலும் சிலந்தி வலை மாதிரி ரத்த நரம்பு, நடுவில் துடிக்கும் ஒரு கரும்புள்ளி. வீட்டுக்காரர் டார்ச்சை அணைக்கவே இல்லை.

இருபதாம் நாள் ராத்திரி ஒரு முட்டையைக் காதோடு வைத்தேன். உள்ளே இருந்து கீச்சென்று ஒரு சத்தம். அதற்குச் செவலை அடித்தொண்டையில் க்ளக், க்ளக் என்று பதில் சொன்னது. மறுநாள் சாயங்காலத்துக்குள் ஏழு குஞ்சு. இரண்டு முட்டை பாக்கி. அதில் ஒன்று காலையிலேயே ஓட்டில் பொத்தல் போட்டு, அலகு நுனியின் வெள்ளைப் புள்ளி தெரிய நின்றுவிட்டது. பன்னிரண்டு மணி நேரம் பார்த்தேன். பொறுக்கவில்லை. நகத்தால் ஓட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக உரித்தேன். உள்தோலில் ரத்தம் கசிந்தது. வயிற்றில் மஞ்சள் கரு இன்னும் உள்ளே போகாமல் தொங்கியது. விடிவதற்குள் போய்விட்டது. பொத்தல் போட்டதிலிருந்து வெளியே வர ஒரு முழு நாள் கூட ஆகும். அந்த நேரத்தில்தான் தோலில் ஓடும் ரத்தம் உள்ளே இழுபடும், கரு வயிற்றுக்குள் போகும். எனக்கு இது அப்புறம்தான் தெரியும். கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்க வேண்டும். இன்னொரு முட்டை ஓட்டுக்குள்ளேயே செத்திருந்தது, அதற்கு நான் பொறுப்பில்லை.

உள்ளே போன கருவே குஞ்சுக்கு இரண்டு நாள் சாப்பாடு, அவசரப்பட்டு எதையும் ஊட்ட வேண்டாம். தீவனக்கடையில் குஞ்சுத் தீவனம் கேட்டால் முட்டைக்கோழித் தீவனத்தைக் கட்டிக்கொடுத்து "எல்லாம் ஒண்ணுதாம்மா" என்பார்கள். ஒன்று இல்லை. அதில் சுண்ணாம்புச் சத்து அதிகம், குஞ்சின் சிறுநீரகத்துக்கு ஆகாது. குஞ்சுத் தீவனத்தைத் தாயும் தின்னலாம், அதன் தீவனத்தைக் குஞ்சு தின்னக் கூடாது. தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட்டுவையுங்கள், குஞ்சு விழுந்தாலும் மூழ்காது.

இனி மருந்துக் கதை. ஏழாம் நாளுக்குள் வெள்ளைக்கழிச்சலுக்குக் கண்ணில் ஒரு சொட்டு விட வேண்டும். விடாமல் விட்டு, ஊரில் ஒரே வாரத்தில் கூண்டு காலியானதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். ஒரு கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனேன். மருந்து தீர்ந்துவிட்டது, புதன்கிழமை வா என்றார்கள். புதன்கிழமை மருந்து இருந்தது. கவுன்டரில் இருந்தவர் எத்தனை கோழி என்றார். ஏழு குஞ்சு என்றேன். பேனாவை மூடிவிட்டார். "ஏளு மரிகெ நூறு டோஸ் பாட்லு ஓப்பன் மாடக்காகல்லம்மா." ஏழு குஞ்சுக்காகத் திறக்க முடியாதாம். பாட்டில் நூறு கோழிக்கு, கலக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் விட்டுவிட வேண்டும், மிச்சம் வீண். அவர் சொன்னது நியாயம்தான். அதை முதல் நாளே சொல்லியிருந்தால் ஒரு ஆட்டோக் காசு மிச்சம்.

கடைசியில் தனியாகவே ஒரு பாட்டில் வாங்கினேன். மருந்துக்கடையில் அதை வெறும் பிளாஸ்டிக் கவரில் போட்டு நீட்டினார்கள். மே மாத வெயில்! குளிர்ச்சி விட்டால் அது மருந்தே இல்லை. நான் ஐஸ் கட்டியோடு டீ பிளாஸ்க் எடுத்துப் போயிருந்தேன், அதனால் பிழைத்தேன். வரும் வழியில் இஸ்திரிக்கார அண்ணனிடம் சொன்னால், அவர் மைத்துனர் லிங்கராஜபுரத்தில் முப்பது கோழி வைத்திருக்கிறாராம். வண்டியில் ஏற்றிப் பிளாஸ்கோடு கூட்டிப்போனார். என் ஏழு, அவருடைய முப்பது, பக்கத்து வீட்டு எட்டு. நாற்பத்தைந்து கோழி கண்ணில் சொட்டு விழுந்தது. பாட்டில் காசில் பாதியை அவர்கள் கொடுத்துவிட்டார்கள்.

பன்னிரண்டாம் நாள் வலை பாதி கட்டியிருந்த மாடியில் வெயிலுக்கு விட்டேன். பருந்து வந்தது. செவலை ஒரு குரல் கொடுத்ததும் ஆறு இறக்கைக்குள் ஓடிவிட்டன, ஏழாவது தண்ணீர்த் தட்டிலேயே நின்றது. வலையை முழுசாகக் கட்டாமல் குஞ்சை வெளியே விடாதீர்கள், அவ்வளவுதான் சொல்வேன்.

இப்போது ஆறு வாரம். செவலை குஞ்சுகளைக் கொத்தி விரட்ட ஆரம்பித்துவிட்டது. இரண்டுக்குக் கொண்டை சிவக்கிறது, சேவல்தான் போல, எதிர்வீட்டுப் பையன்களிடம் இன்னும் சொல்லவில்லை. எட்டாவது வாரம் இறக்கைக்கு அடியில் அடுத்த ஊசி. அதுவும் நூறு கோழி பாட்டில்தான். ராமமூர்த்தி நகர், ஹொரமாவு, லிங்கராஜபுரம் பக்கம் கோழி வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், பங்கு போட்டுக்கொள்ளலாம். பிளாஸ்க் நான் கொண்டுவருகிறேன்.