தலைக்குப் பின்னால் ஒளியும் எழுத்துகள்

வோக் (VOGUE) என்ற ஃபேஷன் பத்திரிகையின் அட்டையைப் பார்த்ததும் என் கண் நேராக மேலே போய்விடும். மாடல், உடை, நகை எல்லாம் அப்புறம்தான். பக்க வடிவமைப்பு என் தொழில் என்பதால் ஒட்டிக்கொண்ட பழக்கம். எத்தனை முறை பார்த்தாலும் பெயரின் அந்த ஐந்து ஆங்கில எழுத்துகள் எனக்குச் சலிக்கவில்லை.

அதில் படம் இல்லை, சின்னம் இல்லை. நிறம்கூட நிரந்தரம் இல்லை, இதழுக்கு இதழ் மாறும். இருப்பதெல்லாம் தடிமனும் மெலிவும்தான். வி எழுத்தின் இடது கால் கனமாக இறங்கும். வலது கால் மயிரிழைபோல் ஏறும். யு எழுத்தும் அப்படியே. ஓ எழுத்துக்கு இரண்டு பக்கமும் கொழுத்த வளைவு, உச்சியிலும் அடியிலும் கோடு கிட்டத்தட்டக் காணாமல் போகிறது. ஒரே எழுத்துக்குள் இவ்வளவு பலமும் இவ்வளவு நலிவும் சேர்ந்திருப்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

இந்த வகை எழுத்துருவுக்கு டிடோ என்று பெயர். பாரிஸில் தலைமுறை தலைமுறையாக அச்சுத் தொழில் செய்த குடும்பத்தின் பெயர் அது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஃபிர்மேன் டிடோ இந்த எழுத்துகளை அச்சுக்காக உலோகத்தில் வெட்டினார். அதே காலத்தில் இத்தாலியின் பார்மாவில் போடோனி என்ற அச்சுக்கலைஞரும் இதே வழியில் போய்க்கொண்டிருந்தார். அவ்வளவு மெல்லிய கோடு அச்சில் உடையாமல் விழ வேண்டுமென்றால் காகிதம் வழவழப்பாக இருக்க வேண்டும், அச்சு இயந்திரம் சீராக அழுத்த வேண்டும், எழுத்தை வார்ப்பவருக்குக் கை தேர்ந்திருக்க வேண்டும். ஆக, அந்த மயிரிழைக்கோடே ஒரு பிரகடனம்: எங்களிடம் நல்ல காகிதமும் நல்ல கைகளும் இருக்கின்றன. ஃபேஷன் பத்திரிகைக்கு இந்த எழுத்து ஏன் இவ்வளவு பொருந்துகிறது என்பதற்கு நான் நம்பும் காரணம் இதுதான். நல்ல தையலில் நூல் தெரியாததைப் போன்ற பெருமை அது.

வோக் தொடக்கத்திலிருந்தே இப்படி இருக்கவில்லை. 1892இல் நியூயார்க்கில் ஆர்தர் டர்னூர் தொடங்கிய பத்திரிகை, 1909இல் காண்டே நாஸ்ட் என்ற பதிப்பாளரின் கைக்கு வந்தது. ஓவியங்கள் அட்டையை ஆண்ட அந்தக் காலத்தில் பெயரும் ஓவியத்தோடு சேர்ந்து மாறியது: ஒருமுறை கொடிபோல் வளையும், ஒருமுறை வடிவியல் உருவமாக நிற்கும். 1940 ஜூன் அட்டை ஒன்றில் ஹோர்ஸ்ட் எடுத்த படத்தில் மாடல் லீசா ஃபோன்சக்ரீவ்ஸ் தன் உடம்பையே வளைத்து ஐந்து எழுத்துகளாக நிற்கிறார். இப்போது நமக்குப் பழகிய டிடோ வடிவம் நிலைத்தது 1950களின் நடுவில்தான்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்தப் பெயர் தன்னை மறைக்க அனுமதிப்பது. மாடலின் தலை ஓ எழுத்தையும் ஜி எழுத்தையும் விழுங்கிவிடும். சில அட்டைகளில் இரண்டு ஓரங்கள் மட்டுமே மிஞ்சும். இருந்தாலும் யாரும் தடுமாறுவதில்லை. பெயரை முகத்துக்குப் பின்னால் அனுப்ப ஆசிரியருக்குத் துணிச்சல் வேண்டும். எந்த வாடிக்கையாளரும் எங்களிடம் கேட்பது இதற்கு நேர்மாறு: லோகோவைப் பெரிதாக்குங்கள், முன்னால் கொண்டுவாருங்கள்.

இன்னொரு ஃபேஷன் பத்திரிகையான ஹார்ப்பர்ஸ் பஜாரின் எழுத்தும் டிடோ குடும்பம்தான். 1992இல் கலை இயக்குநர் ஃபாபியன் பாரோன் அதைப் புதிதாக வடிவமைத்தபோது ஒரு தொழில்நுட்பச் சிக்கல் இருந்தது. ஒரே டிடோவை எல்லா அளவுக்கும் நீட்டினால், சிறிய எழுத்தில் மெல்லிய கோடு அறுந்துபோகும். பெரிய தலைப்பில் அதே கோடு கயிறுபோல் தடித்துவிடும். எழுத்துரு வடிவமைப்பாளர் ஜோனதன் ஹோஃப்லர் அந்தப் பத்திரிகைக்காகவே ஏழு அளவுகளுக்குத் தனித்தனியாக வரைந்து தந்தார். அதனால்தான் எவ்வளவு பெரிதாக்கினாலும் அந்தக் கோடு மயிரிழையாகவே நிற்கிறது. அந்த ஆண்டு செப்டம்பர் அட்டையில் மாடல் லிண்டா எவாஞ்சலிஸ்டாவின் கைக்கருகே பெயரிலுள்ள ஓர் ஏ எழுத்து சரிந்து நிற்கும். எழுத்தையும் ஒரு பொருளாக நடத்திய அந்த அட்டைக்கு நான் ரசிகை.

கைபேசித் திரை வந்த பிறகு இந்த மெல்லிய கோடுகளுக்குச் சோதனைக் காலம். சிறிய சதுரத்துக்குள் அவை மங்கிவிடுகின்றன. ஆடம்பர நிறுவனங்கள் பல, செரிஃப் (எழுத்தின் நுனியில் வரும் சிறு கோடு) இல்லாத, ஒரே தடிமனுள்ள எழுத்துக்குத் தாவின. 2018இல் பிரிட்டிஷ் ஆடை நிறுவனமான பர்பெரியும் மாறியது. எல்லாம் ஒன்றுபோல் தெரியத் தொடங்கின. 2023இல் பர்பெரி மறுபடி செரிஃபுக்கே திரும்பியது. வோக் இந்த அலையில் அசையவில்லை. திரைக்காகக் கொஞ்சம் தடிமனாக்கலாமே என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்தக் கோட்டைக் கொழுக்கவைத்த பிறகு அது வேறு பத்திரிகை.